"எனக்கு கேமரா வராது சார்": இது கூச்சம் இல்லை, கர்வம்

1. இந்தப் பதிவு நிறைய பேருக்கு, குறிப்பா என் சக மருத்துவர்களுக்குக் கோபத்தை வரவழைக்கும். பரவாயில்லை. நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

2. சில வருஷங்களுக்கு முன்னால, ராத்திரி 11 மணி இருக்கும். 12 வயசுப் பையனைத் தோளில் போட்டுக்கிட்டு ஓடி வந்தாங்க. ஆழமா, வேகமா மூச்சு வாங்குறான். வாயில் அழுகின பழ வாடை. கண் சொருகிப் போயிருக்கு. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு: கீட்டோஅசிடோசிஸ். அவனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். நாலு மாசத்துக்கு முன்னால அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னதே நான்தான். விசாரிச்சா, இன்சுலின் ஊசியை நிறுத்தி அஞ்சு நாள் ஆகுது.

3. ஏன் நிறுத்தினாங்க? ஒரு வீடியோ. "இன்சுலின் ஒரு போதை. ஒருதடவை போட்டா விடவே முடியாது. மருந்துக் கம்பெனியோட வலை அது. இந்தக் கஷாயத்தை 48 நாள் குடிங்க, கணையம் தானா வேலை செய்யும்." வீடியோ முடியுற இடத்துல கஷாயப் பொடிக்கு ஒரு போன் நம்பர்.

4. பையன் பிழைச்சுட்டான். மூணாவது நாள் வார்டுல அந்த அம்மாகிட்ட நான் கத்தினேன். அதை மறைக்க விரும்பல. "யாரோ ஒருத்தன் போன்ல சொன்னான்னு புள்ள உசுரோட விளையாடுவீங்களா? நான் அன்னைக்கு அவ்வளவு சொன்னேனே?" அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாங்க: "சொன்னீங்க சார். நீங்க கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னீங்க. அவரு என்னையப் பார்த்துச் சொன்னாரு."

5. இந்தப் பதில் இன்னிக்கு வரைக்கும் என்னை விடல. யோசிச்சுப் பாருங்க. அந்த ஆள் அவங்களைப் பார்த்ததே கிடையாது. அவர் பார்த்தது போனுக்குப் பின்னால இருக்கிற மிளகு அளவு கண்ணாடியை. நான் உட்கார்ந்திருந்தது மூணடி தூரத்துல. ஆனா அந்த அம்மாவை யாராவது ஒருத்தர் பார்த்துப் பேசினதா அவங்களுக்குத் தோணினது அந்த வீடியோவுலதான். (அவங்க அனுமதியோடதான் இதை எழுதுறேன். ஊர், பேர் வேண்டாம்.)

6. அதனால நான் சொல்ல வர்ற விஷயம் இதுதான். உண்மை தெரிஞ்சவங்க, கேமரா முன்னால மனுஷங்க மாதிரிப் பேசக் கத்துக்கணும். அது விருப்பம் இருந்தா செய்யுற பொழுதுபோக்கு கிடையாது, வேலையோட ஒரு பகுதி. "நமக்கு அதெல்லாம் செட் ஆகாது" என்று ஒதுங்குறதை அடக்கம் என்று நினைச்சுக்கிட்டு இருக்கோம். நான் அதைக் கர்வம் என்று சொல்றேன். "நான் பேசுற மாதிரிதான் பேசுவேன், புரிஞ்சா புரிஞ்சுக்கோ" என்பதோட நாகரிகமான வடிவம் அது.

7. இது மருத்துவர்களுக்கு மட்டும் இல்லை. நீங்க ஒரு கணக்கு வாத்தியாரா இருக்கலாம். வேளாண் அலுவலர், கிராம செவிலியர், மின்வாரிய லைன்மேன், வங்கி ஊழியர், யாரா வேணும்னாலும் இருக்கலாம். உங்களுக்குச் சரியாத் தெரிஞ்ச ஒரு விஷயத்தை, தெரியாத ஒருத்தர் தப்பா, ஆனா அழகா, லட்சம் பேருக்குச் சொல்லிக்கிட்டு இருக்கார். அதைப் பார்த்துத் தலையில அடிச்சுக்கிட்டு ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போறீங்க. இந்த த்ரெட் உங்களுக்கும்தான்.

8. விளைவு தெரியாமப் பேசல. 2018 ஜூலை, திருப்பூர். யூடியூப் வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு இளம்பெண் இறந்துபோனார். தமிழ்நாடே அதிர்ந்த செய்தி அது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் கொட்ட ஆரம்பிச்சா கையில இருக்கிற நேரம் எவ்வளவு குறைவு என்பது எங்க துறையில் எல்லாருக்கும் தெரியும். அதை ஒரு கர்ப்பிணிக்கும் அவங்க வீட்டுக்காரருக்கும் புரியுற மாதிரி, அவங்க பயத்தை மதிச்சு, கேமராவைப் பார்த்துச் சொன்ன மருத்துவர்கள் அன்னிக்கு எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிடலாம்.

9. அதுக்கு முந்தின வருஷம், 2017 பிப்ரவரி. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம். வாட்ஸ்அப் வதந்தியால பல பள்ளிகளில் பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போட விடல. முகாமையே நீட்டிக்க வேண்டி வந்தது. அப்போ என்னையும் ஒரு வீடியோ பேசச் சொன்னாங்க. பேசினேன். டை கட்டி, பக்கத்துல பிளாஸ்டிக் பூச்சாடி வெச்சு, கையில பேப்பரோட: "மேற்படி தடுப்பூசி குறித்துப் பொதுமக்கள் எவ்வித அச்சமும் அடையத் தேவையில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

10. எங்க ஊர் குரூப்புல சுத்தின வதந்தி ஆடியோ எப்படி ஆரம்பிச்சுது தெரியுமா? "அக்கா, தங்கச்சி எல்லாரும் கொஞ்சம் கேளுங்க, எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு..." எது ஜெயிக்கும்? என் வீடியோவை என் சம்சாரமே பாதியில நிறுத்திட்டா. "என்னங்க, கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸ் படிக்கிற மாதிரி இருக்கு"ன்னா.

11. "அறிவாளிகள் எல்லாம் அப்படித்தான் சார், பேச வராது" என்று சமாதானம் சொல்லாதீங்க. நம்ம ஊர் வரலாறே அதை மறுக்குது. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் தஞ்சைப் பக்கம் பரவினப்ப விவசாயிகள் அதுக்கு வெச்ச பேர் 'ரேடியோ நெல்'. வானொலியில் கேட்டுக் கத்துக்கிட்டு நட்ட நெல், அதனால அந்தப் பேர். ஒரு மைக் முன்னால ஒழுங்கா, புரியுற மாதிரிப் பேசினா வயல்ல நெல்லே மாறும்.

12. தென்கச்சி கோ. சுவாமிநாதனை எடுத்துக்குங்க. வேளாண்மை படிச்சவர். சினிமாக் குரலா? இல்லை. அடுக்குமொழியா? அதுவும் இல்லை. ஏற்ற இறக்கம் அதிகமில்லாம, நிதானமா, பக்கத்து வீட்டுத் தாத்தா மாதிரி 'இன்று ஒரு தகவல்' சொல்வார். காலையில் பல்லு விளக்கிக்கிட்டே ஊரே கேட்டுச்சு. எங்க துறையிலேயே மனநல மருத்துவர் மாத்ருபூதம் இருந்தார். விஜய் டிவி 'புதிரா புனிதமா'வை 40 வயசைத் தாண்டினவங்க மறந்திருக்க மாட்டீங்க. கணவன் மனைவியே தங்களுக்குள்ள பேசக் கூச்சப்பட்ட விஷயங்களை டாக்டர் ஷர்மிளாவும் அவரும் டிவியில் பேசினாங்க. அவர் சிரிக்க வெச்சே சொன்னார். படிப்பு எங்கேயும் குறைஞ்சுபோகல.

13. சரி, அப்ப நமக்கு மட்டும் ஏன் நாக்கு ஒட்டிக்குது? இது குணம் சம்பந்தப்பட்டது இல்லை, பெரும்பாலும் உடலியங்கியல். ரெக்கார்டிங் சிவப்புப் புள்ளி வந்ததும் உடம்பு அதை ஆபத்தா எடுத்துக்கும். அட்ரினலின் சுரக்கும். இதயம் படபடக்கும், வாய் உலரும், கை நடுங்கும். இத்தோட இன்னொண்ணும் சேருது. நேர்ல பேசும்போது எதிர்ல இருக்கிறவர் 'ம்' கொட்டுவார், தலையாட்டுவார், புருவத்தைத் தூக்குவார். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நாம அடுத்த வாக்கியத்துக்குப் போறோம். கேமரா 'ம்' கொட்டாது. பாட்டி கதை சொல்லும்போது 'ம்' கொட்டலைன்னா அவங்களும் நிறுத்திடுவாங்க. அதே கதைதான் இதுவும்.

14. "என் குரல் கேக்கவே சகிக்கல." இதை எல்லாரும் சொல்றாங்க. உங்க குரலை நீங்க ரெண்டு வழியில கேட்குறீங்க: காத்து வழியா, மண்டை எலும்பு வழியா. எலும்பு கீழ்ஸ்தாயியை நல்லாக் கடத்தும். அதனால உங்களுக்கு உங்க குரல் கனமாத் தெரியும். ரெக்கார்டிங்ல எலும்பு வழி கிடையாது, அதான் மெலிசாக் கேட்குது. மத்தவங்க உங்ககிட்ட இத்தனை வருஷமா கேட்டது அந்த மெலிசான குரலைத்தான். அவங்க யாரும் காதைப் பொத்திக்கிட்டு ஓடல.

15. "மூஞ்சி கோணலாத் தெரியுது." கண்ணாடியில இடவலம் மாறின முகத்தைப் பார்த்துப் பார்த்து நீங்க பழகிட்டீங்க. 1977ல் அமெரிக்காவில் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. ஒருத்தரோட படத்தையே நேராவும் கண்ணாடிப் பிம்பமாவும் அச்சடிச்சுக் காட்டினப்ப, அவங்களுக்குப் பெரும்பாலும் பிடிச்சது கண்ணாடிப் பிம்பம். அவங்க நண்பர்களுக்குப் பிடிச்சது நேரான முகம். கேமராவில் தெரியுறது உங்க நண்பர்களுக்குப் பிடிச்ச முகம், அவ்வளவுதான்.

16. "மூக்கு பெருசா இருக்கு." போனை முகத்துக்கிட்ட வெச்சா அப்படித்தான் இருக்கும். 2018ல் வெளியான ஒரு ஆய்வில் கணக்கே போட்டுட்டாங்க: 12 அங்குல தூரத்துல எடுத்தா, 5 அடி தூரத்துல எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாத் தெரியும். மூக்குல ஒரு தப்பும் இல்லை. போனைத் தள்ளி வைங்க.

17. "நான் நடுங்குறது எல்லாருக்கும் தெரிஞ்சிடும்." தெரியாது. நம்ம பதற்றம் வெளியே தெரியுதுன்னு நாம நினைக்கிற அளவுக்கு மத்தவங்களுக்குத் தெரியுறதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற ரெண்டு உளவியலாளர்கள் 2003ல் இதை மேடைப் பேச்சில் சோதிச்சுக் காட்டினாங்க. இன்னும் சுவாரசியம், இந்த உண்மையைப் பேசுறதுக்கு முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவங்க மத்தவங்களைவிட நல்லாப் பேசினாங்க. அதாவது, இதைப் படிச்சதிலேயே உங்களுக்கு முதல் டோஸ் இறங்கிடுச்சு.

18. மீதி டோஸ் இதோ. எனக்கு வேலை செஞ்சது இதுதான்.

அ) ஒரே ஒருத்தர்கிட்ட பேசுங்க. "பொதுமக்களே", "நண்பர்களே" எல்லாம் வேண்டாம். பார்க்கிறவர் தனியாத்தான் பார்க்கிறார், பெரும்பாலும் படுத்துக்கிட்டு. நான் ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாகிட்டதான் பேசுறேன். ஆரம்பத்துல கேமராவுக்குப் பின்னால நிஜமாவே எங்க சிஸ்டரை உட்கார வெச்சேன், 'ம்' கொட்ட.

ஆ) பேசுறதுக்கு முன்னால ஒரு நிமிஷம், மூச்சை இழுக்கிறதைவிட விடுறதுக்கு அதிக நேரம் எடுத்துக்குங்க. நாலு எண்ணி இழுத்து, ஏழெட்டு எண்ணி விடுங்க. மூச்சு வெளியே போகும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும். மந்திரம் இல்லை, உடம்போட வயரிங்.

இ) போன் கண் மட்டத்துல, கை நீளத்துக்கு மேல தள்ளி இருக்கட்டும். ஜன்னல் உங்களுக்கு முன்னால இருக்கணும், முதுகுப்பக்கம் வேண்டாம். லென்ஸைப் பாருங்க. திரையில உங்க முகம் தெரிஞ்சா கண்ணு அங்கதான் ஓடும், அதனால அதும்மேல ஒரு பேப்பரை ஒட்டிடுங்க.

ஈ) எழுதி வெச்சுப் படிக்காதீங்க. மூணு பாயிண்ட் மட்டும் மனசுல இருக்கட்டும். வாய் தடுமாறினா வீடியோவை அழிக்க வேண்டாம், திருத்திச் சொல்லிட்டு மேல போங்க. வீட்டில் பேசும்போது தடுமாறினா முதல்ல இருந்தா ஆரம்பிக்கிறோம்?

உ) எடுத்ததைப் பாருங்க. பல தடவை பாருங்க. முதல் ரெண்டு மூணு தடவை உடம்பு கூசும். அப்புறம் பழகிடும். பொண ஆஸ்பத்திரி வாடையே பழகிடுதாம், சொந்த முகம் பழகாதா?

19. இதைவிட முக்கியம், வார்த்தை. அன்னைக்கு அந்த அம்மாகிட்ட நான் சொன்னது இது: "ஆட்டோஇம்யூன் பிராப்ளம்மா. பீட்டா செல்ஸ் டெஸ்ட்ராய் ஆயிடுச்சு. லைஃப் லாங் இன்சுலின். ஸ்கிப் பண்ணக் கூடாது. டயட் சார்ட் சிஸ்டர் தருவாங்க. நெக்ஸ்ட்." ஒரு பொய் கிடையாது. ஒரு பிரயோஜனமும் கிடையாது.

20. இப்ப வீடியோவில் நான் சொல்றது இது: "அம்மா, நாம சாப்பிடுற சோறு சர்க்கரையாகி ரத்தத்துக்கு வருது. ரத்தத்துல இருந்து உடம்புக்குள்ள போக ஒரு கதவு இருக்கு. சாவி இன்சுலின். உங்க புள்ளைக்குச் சாவி செய்யுற பட்டறை மூடிப்போச்சு. உங்க தப்பு இல்லை, நீங்க குடுத்த சாப்பாட்டால வந்ததும் இல்லை. இனிமே சாவியை வெளியில இருந்து ஊசியிலதான் குடுக்கணும். சாவி இல்லைன்னா குதிர் நிறைய நெல் இருந்தும் புள்ள பட்டினி. 1922ல் கனடாவில் 14 வயசுப் பையன் ஒருத்தனுக்குத்தான் முதன்முதலா இந்த ஊசியைப் போட்டாங்க. அதுக்கு முன்னால இந்த நோய் வந்த புள்ளைங்க பிழைச்சதில்லை. இந்த ஊசி போதை இல்லைம்மா, சோறு மாதிரி." பேசி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. அன்னைக்கு ஓபியில் அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்தது. நான் கொடுக்கல.

21. இப்ப எதிர்க்கேள்வி வரும். "டாக்டர் என்ன நடிகனா? நல்லாப் பேசுறவன் எல்லாம் நல்லவன்னு நீங்களே சொல்லிக்கொடுக்கிறீங்களா?" நியாயமான கேள்வி. 1973ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று பெரிய நிபுணரா அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்கள் உட்பட படிச்சவங்க இருந்த கூட்டத்துல பேச வெச்சாங்க. முன்னுக்குப் பின் முரண், அர்த்தமில்லாத வாக்கியம், நடுநடுவே ஜோக். கூட்டத்துல பெரும்பாலானவங்க "அருமையான உரை"ன்னு மதிப்பெண் போட்டாங்க. ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. மருத்துவர்களே ஏமாந்தாங்க என்றால், 12 வயசுப் புள்ளையைக் காப்பாத்தத் தவிச்ச ஒரு தாயை நான் என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திட்டினேன்?

22. அதனால பார்க்கிறவங்களுக்கு: சரளமாப் பேசுறது உண்மைக்கு ஆதாரம் ஆகாது. வீடியோ பார்க்கும்போது நாலு கேள்வி கேளுங்க. "எனக்குத் தெரியாது", "இது எல்லாருக்கும் பொருந்தாது" என்று எங்கேயாவது சொல்றாரா? எந்த அறிகுறி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்றாரா? சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற மருந்தை நிறுத்தச் சொல்றாரா? கடைசியில எதையாவது விக்கிறாரா? கடைசி ரெண்டுக்கும் 'ஆமாம்' என்றால் போனைக் கீழ வெச்சிட்டு உங்க டாக்டரைப் பாருங்க. இதே கேள்விகளை என் வீடியோவுக்கும் கேளுங்க.

23. பேசப் போற மருத்துவர்களுக்கு: நான் நடிக்கச் சொல்லல. நோயாளியோட முகத்தைக் காட்டாதீங்க. வீடியோவில் மருந்து எழுதாதீங்க. கிளினிக் விளம்பரத்தை விழிப்புணர்வு என்று விக்காதீங்க. உங்க வீட்டுத் திண்ணையில சித்தி வந்து உட்கார்ந்து "ஏம்ப்பா, இந்த மாத்திரை எதுக்கு?"ன்னு கேட்டா எப்படிச் சொல்வீங்களோ, அப்படிச் சொல்லுங்க. அந்தப் பேச்சு உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. வெள்ளைக் கோட்டு போட்டதும் அதைக் கழட்டி ஆணியில மாட்டிடுறோம்.

24. ஒண்ணு சொல்லியாகணும். கேமராவைப் பார்த்துப் பேசப் பழகினதுல எனக்குக் கிடைச்ச பெரிய லாபம் வீடியோவில் இல்லை. என் முதல் நல்ல வீடியோவைப் பார்த்தப்பதான் புரிஞ்சுது, ஓபியில் நான் இப்படிப் பேசுறதே இல்லைன்னு. அடுத்த நாள் கம்ப்யூட்டரை மேசையோட ஓரத்துக்கு நகர்த்தினேன். இப்ப முதல்ல ஆளைப் பார்க்கிறேன், அப்புறம்தான் டைப் பண்றேன். கூட்டம் அதிகமான நாள்ல இன்னும் தவறுது. சிஸ்டர் இருமிக் காட்டுவாங்க.

25. அந்தக் கஷாய வீடியோ இன்னும் இருக்கு. அதுக்குப் பிறகு அவர் எத்தனையோ போட்டுட்டார். இன்னிக்கு ராத்திரியும் ஒண்ணு போடுவார். ஜம்முனு, சிரிச்சுக்கிட்டே, லென்ஸைப் பார்த்து. உங்களுக்குச் சரியாத் தெரிஞ்ச ஒரே ஒரு விஷயம், அது தெரியாம கஷ்டப்படுற ஒரே ஒரு ஆள், ஒரு நிமிஷம். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேசிடுங்க. முதல் வீடியோ கேவலமாத்தான் இருக்கும். என்னோடது பூச்சாடியோட இருந்துச்சு.

எடுத்துட்டா கமெண்ட்ல போடுங்க. நான் முழுசாப் பார்க்கிறேன், 'ம்' கொட்டுறேன்.